சாயம் தோய்த்த நூல்

என் மேசை இழுப்பறையில் இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள் கிடக்கின்றன. இரண்டிலும் வெள்ளைத் தூள், இரண்டும் பாலிஸ்டைரீன். ஆட்டிப் பார்த்தாலும், டொலுவீனில் கரைத்துப் பார்த்தாலும், உருக்கித் தகடாக அழுத்திப் பார்த்தாலும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரு குப்பியின் மூடியில் மட்டும் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் குப்பியில் உள்ள தூளில் ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் இருக்கிறது. விலையைக் கேட்டால் தலை சுற்றும். மாணவனாக இருந்த காலத்தில் அதைத் தராசில் வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். ஊதிவிட்டால் போனது போனதுதான்.

இந்த இரண்டையும் கலந்து நியூட்ரான் கற்றைக்கு முன்னால் வைப்பதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. என்ன வேலை என்று யாராவது கேட்டால், நூல் சிக்கில் ஒரே ஒரு நூலைத் தேடுகிற வேலை என்று சொல்வேன். பாதிப் பேர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். மீதிப் பேருக்காக இதை எழுதுகிறேன்.

பாலிமர் என்பது ஒரே மாதிரி அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. மூலக்கூறு எடை ஒரு லட்சம் உள்ள பாலிஸ்டைரீனை எடுத்துக்கொண்டால் ஒரு சங்கிலியில் ஏறக்குறைய 960 அலகுகள் இருக்கும். முழுவதும் இழுத்து நீட்டினால் 240 நானோமீட்டர் வரும். ஆனால் யாரும் இழுத்துப் பிடித்திருக்கவில்லை. உருகிய நிலையில் அது சுருண்டு மடங்கிக் கிடக்கிறது. எப்படிச் சுருண்டிருக்கிறது? கரைசலில் என்றால் இந்தக் கேள்விக்கு ஒளிச்சிதறலே பதில் சொல்லிவிடும், ஏனென்றால் சுற்றியிருப்பது வேறு பொருள். உருகலில் சங்கிலியைச் சுற்றியிருப்பதும் அதே சங்கிலிகள்தான். எது யாருடைய கை, எது யாருடைய கால் என்று தெரியாத கூட்டம். எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களைத்தான் பார்க்கும். எல்லா அலகிலும் அதே எலக்ட்ரான்கள் இருக்கும்போது அது யாரை அடையாளம் காட்டும்?

இந்தக் கேள்விக்கு பால் ஃப்ளோரி என்ற பாலிமர் வேதியியலாளர் 1949-லேயே காகிதத்தில் பதில் சொல்லிவிட்டார். ஒரு சங்கிலி நல்ல கரைப்பானில் இருக்கும்போது அதன் அலகுகள் ஒன்றையொன்று விலக்குவதால் சங்கிலி உப்பிப் பெருக்கிறது. உருகலில் அப்படி உப்பினாலும் லாபமில்லை. தன் சொந்த அலகிடமிருந்து விலகிப் போனால் அங்கேயும் அதே மாதிரி அலகு, வேறொரு சங்கிலியுடையது, நெருக்கிக்கொண்டு நிற்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவு தள்ளு இருந்தால் தள்ளே இல்லாத மாதிரிதான். ஆகவே அந்தச் சங்கிலி, நெரிசலுக்கு நடுவே, தனியாக இருப்பதுபோலவே நடந்துகொள்ளும் என்றார் ஃப்ளோரி. குடிகாரன் நடை மாதிரி, ஒவ்வொரு அடியும் தோன்றிய திசையில். அளவு, சங்கிலி நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்றபடி வளரும்.

படிக்கும்போது இது சரியென்றுதான் தோன்றும். அப்போது எல்லோருக்கும் அப்படித் தோன்றவில்லை. இவ்வளவு நெரிசலில் சங்கிலிகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கிடப்பதைவிட, அருகருகே கட்டுக்கட்டாக அடுக்கிக்கொள்வதோ, பந்துபோல் தனித்தனியே சுருட்டிக்கொள்வதோதான் இயல்பு என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். அடர்த்தியைப் பார்த்தால் எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இருபது வருடங்களுக்கு மேல் இரண்டு பக்கமும் வாதம் நடந்ததற்குக் காரணம் எளிது: பார்த்துச் சொல்ல ஆளில்லை.

அங்கேதான் நியூட்ரான் வருகிறது. அது எலக்ட்ரான்களைக் கண்டுகொள்ளாமல் போய் அணுக்கருவில் மோதித் திரும்பும். எந்தக் கரு எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கும் என்பதைச் சிதறல் நீளம் என்ற ஓர் எண்ணால் சொல்வார்கள். எக்ஸ் கதிரில் அணு எண் கூடக் கூடச் சிதறல் கூடும், ஒழுங்கான வரிசை. நியூட்ரானிடம் அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. கார்பனுக்கு 6.65 ஃபெம்டோமீட்டர், ஆக்சிஜனுக்கு 5.80, நைட்ரஜனுக்கு 9.36. அப்புறம் ஹைட்ரஜன்: மைனஸ் 3.74. டியூட்டீரியமோ ப்ளஸ் 6.67.

அந்த மைனஸ் குறியை முதன்முதலாகப் பார்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அச்சுப் பிழை என்று நினைத்தேன். பிழையில்லை. மற்ற பெரும்பாலான கருக்களில் பட்டுச் சிதறும் அலை முகடாக இருக்கும்போது, ஹைட்ரஜனில் பட்டுச் சிதறும் அலை பள்ளமாக இருக்கும் என்பதுதான் அதன் பொருள். கருவில் ஒரே ஒரு நியூட்ரான் கூடியதால் குறியே மாறிவிடுகிறது. வேதியியலுக்கு அதே தனிமம், நியூட்ரானுக்கு முற்றிலும் வேறொரு ஆள். ஹெரால்ட் யூரி 1931-ல் டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்தார், ஜேம்ஸ் சாட்விக் 1932-ல் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். அடுத்தடுத்த வருடங்களில் தெரியவந்த இந்த இருவரும் பாலிமர் விஷயத்தில் கைகோக்க இன்னும் நாற்பது வருடங்கள் ஆயின.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்டைரீன் அலகில் எட்டுக் கார்பன், எட்டு ஹைட்ரஜன். சிதறல் நீளங்களைக் கூட்டினால் சுமார் 23 ஃபெம்டோமீட்டர் வரும், ஏனென்றால் கார்பன் கொடுப்பதில் பாதிக்கு மேல் ஹைட்ரஜன் கழித்துவிடுகிறது. ஹைட்ரஜனையெல்லாம் டியூட்டீரியமாக மாற்றினால் 106-க்கும் மேல். எலக்ட்ரான் எண்ணிக்கை இரண்டிலும் 56 தான். அதாவது, நூல் சிக்கில் சில நூல்களுக்கு மட்டும் சாயம் தோய்த்துவிட்டோம். அந்தச் சாயம் நியூட்ரானுக்கு மட்டும் தெரியும், மற்ற நூல்களுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் வெகுநாள் நினைத்தோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இதே வித்தை தண்ணீரிலும் நடக்கும். சாதாரணத் தண்ணீரின் மொத்தச் சிதறல் அடர்த்தி லேசாக மைனஸ் பக்கம், ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள கனநீருடையது பெரிய ப்ளஸ். நூற்றுக்கு எட்டுப் பங்கு கனநீர் கலந்தால் இரண்டும் ஈடுகட்டிச் சுழியாகிவிடும். விகிதத்தை மாற்றி மாற்றி, கரைசலில் இருக்கும் பொருளின் எந்தப் பகுதி வேண்டுமோ அதை மட்டும் தெரிய வைத்து, மற்றதைத் தண்ணீரோடு தண்ணீராக மறைய வைக்கலாம். செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோமின் சிறிய துணை அலகில் உள்ள 21 புரதங்களின் இடங்களை, இரண்டிரண்டாக டியூட்டீரியம் ஏற்றி, அவற்றுக்கிடையே உள்ள தூரங்களை அளந்து, பீட்டர் மூரும் டொனால்ட் எங்கெல்மனும் குழுவினரும் 1987-ல் வரைபடமாகவே வெளியிட்டார்கள். நில அளவைக்காரர் செய்கிற முக்கோணக் கணக்கு அது. என் துறை இல்லை, ஆனாலும் பொறாமைப்பட்டுச் சொல்ல வேண்டியதாக இருக்கிறது.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து நானோமீட்டர் அளவுள்ள சுருளைப் பார்க்க வேண்டுமென்றால், 0.6 நானோமீட்டர் அலைநீளமுள்ள நியூட்ரான் ஒரு டிகிரிக்கும் குறைவாகத்தான் விலகும். அவ்வளவு சின்ன விலகலை அளக்க டிடெக்டரைத் தூரத்தில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிரான்சில் கிரனோபிளில் உள்ள லவே-லாஞ்செவின் நிறுவனத்தின் டி11 என்ற கருவியில் மாதிரிக்கும் டிடெக்டருக்கும் நடுவே நாற்பது மீட்டர் வரை தூரம் வைக்கலாம். நடுவில் வெற்றிடமாக்கிய பெரிய குழாய். அந்த நியூட்ரான்கள் திரவ டியூட்டீரியத்தில் குளிர்ந்து வருபவை; 0.6 நானோமீட்டர் அலைநீளத்தில் வேகம் நொடிக்கு 660 மீட்டர், காற்றில் ஒலி போகும் வேகத்தைப் போல் இரண்டு மடங்கு. நாற்பது மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பால் அவை கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் கீழே விழுந்துவிடும். எறிந்த கல் மாதிரி. அலைநீளம் கூடினால் விழுவதும் கூடும். பாலிமர் இயற்பியல் படிக்க வந்த எனக்கு, நியூட்ரான் கீழே விழும் என்பதைக் கணக்கில் சேர்க்கச் சொன்னபோது உண்டான சந்தோஷம் வேறு எதிலும் உண்டாகவில்லை.

சரி, ஃப்ளோரிக்கு வருவோம். 1972 முதல் 1974 வரை மூன்று குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இந்தச் சோதனையைச் செய்தன. ஜெர்மனியில் மைன்ஸிலிருந்து கிர்ஸ்டேயும் அவரது கூட்டாளிகளும் யூலிக் ஆய்வு உலையில் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டைப் பார்த்தார்கள். பிரான்சில் சாக்லே, ஸ்ட்ராஸ்பூர்க் ஆட்கள், ஆன்ரி பெனுவா, ஜானிங்க், காட்டன் முதலியோர் பாலிஸ்டைரீனை எடுத்தார்கள். பிரிட்டனிலிருந்து விக்னல், பாலார்ட் இருவரும் யூலிக்கின் ஷெல்டனுடன் சேர்ந்து அதே பாலிஸ்டைரீனை அளந்தார்கள். விடை எல்லோருக்கும் ஒன்றுதான்: பல மூலக்கூறு எடைகளில் அளந்தபோது சுருளின் ஆரம் எடையின் வர்க்கமூலத்தோடு ஏறியது. அதன் அளவும், அலகுகளுக்கிடையே விலக்கம் மறைந்துவிடுகிற, தீட்டா கரைப்பான் என்று சொல்கிற கரைப்பானில் அளந்த அதே அளவு. கட்டும் இல்லை, பந்தும் இல்லை.

எண்ணில் சொன்னால்தான் இதன் விசித்திரம் புரியும். அந்த ஒரு லட்சம் எடைச் சங்கிலியின் சுழல் ஆரம், அதாவது சுருளின் ஆரம், ஏறக்குறைய 8.7 நானோமீட்டர். அந்த ஆரமுள்ள கோளத்தின் கனஅளவைக் கணக்கிட்டு, சங்கிலியின் சொந்தப் பருமனால் வகுத்துப் பார்த்தால் 17 வரும். அதாவது தன் வீட்டில் தனக்கு உள்ள இடம் பதினேழில் ஒரு பங்கு. மீதியெல்லாம் அண்டை அயலார். அப்படியிருந்தும் அந்தச் சங்கிலி, யாருமே இல்லாத மாதிரி ஒய்யாரமாக விரிந்து கிடக்கிறது. நீளத்தோடு அளவு வளர்வதைச் சொல்லும் அடுக்குக்குறி, கரைசலில் உப்பினால் 0.588, இங்கே சுத்தமாக 0.5, அதாவது வர்க்கமூலம். ஃப்ளோரிக்கு 1974-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தப் பரிசு அவருடைய மொத்த வேலைக்கானது, இந்தச் சோதனைக்கென்று இல்லை. ஆனாலும் அந்த வருடம் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆரம்பச் சோதனைகளில் ஒரு தயக்கம் இருந்தது. சாயமிட்ட சங்கிலிகள் நூற்றில் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால்தான் ஒன்றின் அலை இன்னொன்றின் அலையோடு குழம்பாது என்று நம்பி, மிகக் குறைவாகவே கலந்தார்கள். அவ்வளவு குறைவாகக் கலந்தால் சமிக்ஞை மெலிந்துவிடும், மணிக்கணக்கில் எண்ண வேண்டும். 1980 வாக்கில்தான் அந்தப் பத்தியம் தேவையில்லை என்று எல்லோருக்கும் தெளிவானது. அதன் தர்க்கத்தை என் வழிகாட்டி ஒரு நாள் பழைய உறையின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார்.

"எல்லாச் சங்கிலிக்கும் சாயம் போட்டுவிட்டால் என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"ஒன்றும் தெரியாது சார். எல்லாமே ஒரே நிறம்."

"அப்போது ஒரு சங்கிலிக்குள் வருகிற சிதறலும், சங்கிலிகளுக்கு இடையே வருகிற சிதறலும் ஒன்றையொன்று சரியாகக் கழித்துக்கொள்கின்றன, இல்லையா?"

ஆமாம் என்றேன். பாதிச் சங்கிலிகளுக்கு மட்டும் சாயம் போட்டால் முதலாவது பாதியாகும், இரண்டாவது பாதியில் பாதியாகும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது கால் பங்கு. அந்தக் கால் பங்கும் தனிச் சங்கிலியின் வடிவத்தையே சொல்கிறது. சங்கிலிகளுக்கு இடையே உள்ள விவரம் எந்த அளவில் இருந்தாலும் தானாகவே கழிந்துபோகிறது. நூற்றில் ஒன்று கலந்தால் கிடைக்கும் சமிக்ஞையைவிடப் பாதிக்குப் பாதி கலந்தால் 25 மடங்கு அதிகம். ஐந்து மணி நேர வேலை பன்னிரண்டு நிமிடத்தில் முடியும். பீம் டைமுக்கு, அதாவது நியூட்ரான் கற்றை நமக்கென்று கிடைக்கிற நேரத்துக்கு, வரிசையில் நிற்கிற எங்களுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன். முன்பக்கத்தில் மின்கட்டண ரசீது பற்றி ஏதோ எழுதியிருக்கிறது.

முதன்முதலாக எனக்கென்று பீம் டைம் கிடைத்தபோது மூன்று நாள் கொடுத்தார்கள். இரண்டாவது ராத்திரி மூன்று மணிக்கு, திரையில் வளைவு மெல்ல மெல்லத் தெளிவாகிக்கொண்டு வந்தது. பெரிய கோணத்தில் எல்லாம் எதிர்பார்த்தபடி. சின்னக் கோணத்தில் மட்டும், தட்டையாகப் போக வேண்டிய வளைவு செங்குத்தாக மேலே ஏறியது. கண்ணைத் துடைத்துப் பார்த்தேன், ஏறித்தான் இருந்தது. சின்னக் கோணத்தில் ஏறினால் பெரிய அளவில் ஏதோ திரள்கிறது என்று பொருள். சாயமிட்ட சங்கிலிகள் கூட்டம் சேர்கின்றன! யாரும் பார்க்காததைப் பார்த்துவிட்டேன்! தூக்கமில்லாத மூளை அந்த நேரத்தில் கட்டுரைத் தலைப்புவரை போய்விட்டது.

விடிந்ததும் கூடத்தில் இருந்த மூத்த ஆய்வாளரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் வளைவைப் பத்து விநாடிதான் பார்த்தார். "சாயம் போடாத வெறும் தகடு கொண்டுவந்திருக்கிறீர்களா? அதை வையுங்கள்" என்றார். வைத்தேன். அதிலும் சின்னக் கோணத்தில் அதே ஏற்றம். டியூட்டீரியமே இல்லாத மாதிரியில் எந்த டியூட்டீரியம் கூட்டம் சேரும்? தகட்டை அழுத்தும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகள்தான் அது. நான் அவசரத்தில் வெற்றிட அடுப்பில் போதுமான நேரம் வைக்கவில்லை. காற்றுக்கும் பாலிமருக்கும் உள்ள வேறுபாட்டை நியூட்ரான் நன்றாகவே பார்க்கும். ஒரு பிடிக் குமிழி போதும், ஒரு கண்டுபிடிப்பு உண்டாகிவிடும். மிச்ச நேரம் முழுக்கத் தகடுகளை மறுபடி அழுத்துவதில் போனது. அன்றிலிருந்து வெறும் தகடு இல்லாமல் எங்கும் போவதில்லை.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், அன்று இரவு நான் நினைத்தது முழுப் பைத்தியக்காரத்தனமும் இல்லை. என் மாதிரியில் நடக்கவில்லை, அவ்வளவுதான். வேறு இடங்களில் நடந்திருக்கிறது.

பாலிஎதிலீன் முதல் எச்சரிக்கை. டியூட்டீரியம் ஏற்றிய பாலிஎதிலீன் சாதாரணத்தைவிட ஐந்தாறு டிகிரி குறைவான வெப்பத்திலேயே உருகிவிடும். இரண்டையும் கலந்து மெதுவாக ஆறவிட்டால் சாதாரணச் சங்கிலிகள் முதலில் படிகமாகப் போய் உட்கார்ந்துகொள்ள, சாயமிட்டவை பின்தங்கித் தனியே சேரும். அப்படி ஆன மாதிரியில் கிடைக்கிற சிதறல் ஒரு சங்கிலியைப் பற்றியதாக இராது, கூட்டத்தைப் பற்றியதாக இருக்கும். எழுபதுகளில் இது நிறையக் குழப்பத்தைக் கொடுத்தது. சட்டென்று குளிர்வித்து உறைய வைத்தால் பிரிய நேரமிருக்காது. அப்படிச் செய்த அளவீடுகளில்தான், படிகமாகும்போதுகூடச் சங்கிலியின் மொத்த அளவு பெரிதாக மாறுவதில்லை, உருகலில் கிடந்த வாக்கிலேயே உறைந்துபோகிறது என்று தெரியவந்தது.

படிகத்தை விடுங்கள். படிகமே ஆகாத உருகலில் என்ன? 1980-ல் பக்கிங்ஹாமும் ஹென்ட்ஷலும் ஒரு கணிப்பு வெளியிட்டார்கள்: ஒரு பாலிமரையும் அதன் டியூட்டீரியம் ஏற்றிய இரட்டையையும் கலந்தால், சங்கிலி போதுமான நீளமிருந்தால், அவை எண்ணெயும் தண்ணீரும்போலப் பிரியலாம். ஒரே பொருள் தன்னோடு தான் கலக்க மறுப்பது! 1985-ல் ஃபிராங்க் பேட்ஸ், விக்னல், கோலர் மூவரும் பாலிபியூட்டாடையீனில் அதைக் காட்டினார்கள். விக்னல் என்ற பெயர் ஏற்கெனவே வந்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். சாயம் எதையும் மாற்றாது என்ற நம்பிக்கையின் மேல் ஃப்ளோரியை நிரூபித்தவர்களில் ஒருவரே, சாயம் மாற்றும் என்பதையும் நிரூபித்தவர்களில் ஒருவர். என் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இதுதான்.

காரணம் என்ன? டியூட்டீரியம் இரண்டு மடங்கு கனம். அதனால் கார்பனோடு உள்ள பிணைப்பு மெதுவாக அதிர்கிறது, ஏறக்குறைய 1.4 மடங்கு மெதுவாக. குவாண்டம் விதிப்படி எவ்வளவு குளிர்ந்தாலும் நிற்காத அந்த அடிப்படை நடுக்கம் ஹைட்ரஜனுக்கு அதிகம், டியூட்டீரியத்துக்குக் குறைவு. நடுக்கம் குறைந்தால் பிணைப்பின் சராசரி நீளமும் சுமார் அரை விழுக்காடு குறையும். ஆக, சாயமிட்ட அலகு ஒரு துளி சிறியது, பக்கத்திலிருப்பவரை இழுக்கும் வலுவும் ஒரு துளி குறைவு. சாயத்தில் நனைந்த நூல் மயிரிழை சுருங்கிவிடுகிற மாதிரி.

அந்த ஒரு துளி எவ்வளவு? இரண்டு வகை அலகுகள் அருகருகே இருப்பதில் உள்ள அசௌகரியத்தை ஃப்ளோரி-ஹக்கின்ஸ் எண் என்று அளப்போம். சாதாரணப் பாலிஸ்டைரீனுக்கும் டியூட்டீரியப் பாலிஸ்டைரீனுக்கும் 160 டிகிரி வாக்கில் அது வெறும் 0.0002. ஸ்டைரீன் திரவத்தில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், எந்த விகிதத்திலும் கலந்துவிடும். ஆனால் பாலிமரில் அலகுகள் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு அலகுக்கு உள்ள அசௌகரியம் எவ்வளவு சின்னதானாலும் சங்கிலி முழுவதற்கும் கூட்டிப் பார்க்க வேண்டும். பிரிந்து போவதைத் தடுக்கிற கலப்பின் ஒழுங்கின்மையோ சங்கிலிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரும், அலகுக்கு ஒன்று என்று இல்லை. அந்த எண்ணைச் சங்கிலியின் அலகு எண்ணிக்கையால் பெருக்கி வருவது இரண்டைத் தாண்டினால் சமபங்குக் கலவை பிரியத் தொடங்கும். 0.0002-க்கு அந்த எல்லை பத்தாயிரம் அலகுகள், அதாவது மூலக்கூறு எடை பத்து லட்சம். என் குப்பிகளில் இருப்பது ஒரு லட்சம், பெருக்கினால் 0.2 வாக்கில்தான் வரும். ஆகவே நான் பிழைத்தேன். எழுபதுகளின் சோதனைகளும் பிழைத்தன. அப்போது கலந்த அளவும் குறைவு, சங்கிலிகளும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே இருந்தன. ஃப்ளோரி சொன்னது இன்னும் நிற்கிறது.

0.0002 என்ற எண்ணை அளந்தது எப்படி என்று கேட்கலாம். கலவை பிரிந்து போக வேண்டியதில்லை. ஒன்றாகக் கலந்திருக்கும்போதே அங்கங்கே ஒரு வகை கொஞ்சம் கூடியும் குறைந்தும் அலைபாய்ந்துகொண்டிருக்கும். பிரிவதற்கு எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறதோ, அந்த அலைபாய்ச்சல் அவ்வளவு பெரிதாகும், சின்னக் கோணச் சிதறலும் அவ்வளவு ஏறும். பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் டி ஜென் எழுபதுகளில் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். அளந்த சிதறலைத் தலைகீழாக்கினால், அது மூன்று உறுப்புகளின் கூட்டல் கழித்தல் ஆகிவிடும்: முதல் சங்கிலிக்கு ஒன்று, இரண்டாம் சங்கிலிக்கு ஒன்று, கழித்துக்கொள்ள அந்த அசௌகரிய எண்ணின் இரண்டு மடங்கு. முதல் இரண்டும் தெரிந்தவை, மூன்றாவது விடை. இவ்வளவு எளிய சூத்திரம் இவ்வளவு நன்றாக வேலை செய்வது எனக்கு இன்றும் கொஞ்சம் சந்தேகமாகவே இருக்கிறது. ஆனால் வேலை செய்கிறது. இரண்டு வேறு பிளாஸ்டிக்குகள் கலக்குமா, எந்த வெப்பத்தில் பிரியும் என்று சொல்ல இன்றைக்கும் இதுதான் எங்கள் முதல் கருவி.

சாயத்தின் குறுக்கீடு வலிக்கத் தொடங்குவதும் இங்கேதான். ஒரே பாலிமரின் இரண்டு ஐசோடோப்புகள் என்றால் 0.0002 என்று கழித்துவிடலாம். இரண்டு வேறு பாலிமர்களின் கலவையில் ஒன்றுக்குச் சாயம் போட்டால்? பாலிஸ்டைரீனும் பாலிவினைல் மெத்தில் ஈத்தரும் கலந்த கலவை சூடாக்கினால் பிரியும் வகை. அதில் பாலிஸ்டைரீனுக்கு டியூட்டீரியம் ஏற்றினால் பிரியும் வெப்பநிலை நாற்பது டிகிரி வாக்கில் மேலே போய்விடுகிறது. ஒரு துளி சுருக்கம், நாற்பது டிகிரி! இந்தக் கலவை ஏற்கெனவே கத்தி முனையில் நின்றுகொண்டிருந்தது, லேசாக ஊதினாலே பக்கம் மாறிவிடும். நாம் ஆசைப்பட்டு அளந்தது சாயமிட்ட கலவையின் குணம். தொழிலில் பயன்படப்போவதோ சாயமில்லாத கலவை.

பாலிஎதிலீன் குடும்பத்துப் பாலிஒலிஃபின்களில் இன்னும் சூட்சுமம். இரண்டு பாலிஒலிஃபின்களைக் கலந்து, முதலில் ஒன்றுக்குச் சாயம் போட்டு அளந்தார்கள். அப்புறம் மாற்றி, மற்றதற்குப் போட்டு அளந்தார்கள். ஒரே கலவைக்கு இரண்டு விடை வந்தது. யோசித்தால் புரிகிறது. டியூட்டீரியம் ஏற்றினால் அலகின் இழுப்பு வலு குறைகிறது. வலு கூடிய பக்கத்துக்கு ஏற்றினால் இருவருக்கும் உள்ள இடைவெளி சுருங்கி, நன்றாகக் கலக்கும். வலு குறைந்த பக்கத்துக்கு ஏற்றினால் இடைவெளி விரிந்து, பிரியப் பார்க்கும். உண்மையான, சாயமில்லாத விடை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அளந்து அச்சேற்றிய எண்களை அட்டவணையில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கும். எந்தப் பக்கம் சாயம் என்று அடிக்குறிப்பிலாவது எழுதக் கூடாதா?

மேற்பரப்பிலும் இதே கதைதான், ஆனால் அங்கே எனக்கு அனுபவம் குறைவு. 1989-ல் இரண்டு வகைப் பாலிஸ்டைரீனும் கலந்த மெல்லிய படலத்தில் டியூட்டீரிய வகை காற்றுப் பக்கம் போய்க் குவிவதைக் காட்டினார்கள். இழுப்பு வலு குறைந்தவருக்கு விளிம்பில் நிற்பதில் நஷ்டம் குறைவு, அதனால் விளிம்புக்குப் போகிறார். முழுதாகப் பிரியாத கலவையிலேயே இது நடக்கிறது.

இதையெல்லாம் சொன்னால், அப்போது சாயத்தையே விட்டுவிடலாமே என்று மாணவர்கள் கேட்கிறார்கள். விட்டால் குருடுதான். சங்கிலி நெளிந்து ஊர்வதைப் பார்த்ததும் இந்தச் சாயத்தால்தான். நெரிசலில் மாட்டிய சங்கிலி பக்கவாட்டில் நகர முடியாமல், பாம்பு மாதிரி தன் நீளவாக்கிலேயே ஒரு குழாய்க்குள் ஊர்ந்து வெளியேறும் என்று டி ஜென் 1971-ல் சொன்னார். மறு வருடம் ஃபெரென்ஸ் மெசெய் நியூட்ரான் ஸ்பின் எக்கோ முறையைக் கொண்டுவந்தார். நியூட்ரானின் சுழற்சியையே கடிகாரமாக்கி, நானோ நொடிகளில் நடக்கும் அசைவை அளக்கும் முறை. சாயமிட்ட சங்கிலிகளையும் சாதாரணச் சங்கிலிகளையும் கலந்த பாலிஎதிலீன் உருகலில், டீட்டர் ரிக்டரின் குழு 1998-ல் அந்தக் குழாயின் சுவடைத் தெளிவாகக் காட்டியது. அசைவு ஒரு கட்டத்தில் சுவரில் முட்டிய மாதிரி நிற்கிறது. வளைவு தட்டையாகும் அந்த இடத்திலிருந்து குழாயின் விட்டம் கிடைக்கிறது, நாலைந்து நானோமீட்டர். சாயம் சங்கிலியை மயிரிழை சுருக்கினால் என்ன, குழாயின் விட்டம் அதனால் மாறிவிடப் போவதில்லை. எந்தக் கேள்விக்கு அந்த மயிரிழை முக்கியம், எதற்கு இல்லை என்பதைப் பெருக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நான் செய்கிற முதல் கணக்கு எப்போதும் அந்தப் பெருக்கல். காகிதம்கூட வேண்டாம், விரல் விட்டே செய்துவிடலாம்.

இப்போது கையில் ஒரு புதுக் கலவை இருக்கிறது. பாலிஸ்டைரீனோடு இன்னொன்று, பிரியும் நிலைக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கும் என்று ஒளிச்சிதறல் சொல்கிறது. நியாயமாக இரண்டு பக்கமும் சாயம் மாற்றி மாற்றிப் போட்டு அளக்க வேண்டும். மற்ற பாலிமரின் டியூட்டீரிய வகையைத் தயாரிக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. விண்ணப்பத்தில் பாலிஸ்டைரீன் பக்கம் மட்டும் சாயம் என்று எழுதிவிட்டு, அதனால் விடை எந்தப் பக்கம் சாயும் என்று கீழே ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். நேற்று சிவப்பு வட்டம் போட்ட குப்பியைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மீதம் 140 மில்லிகிராம். இரண்டு தகடுக்கு வரும். மூன்றாவது தகட்டுக்குப் போதாது, குமிழி விழுந்தால் இந்த முறை மறுபடி அழுத்தத் தூள் இருக்காது. வெற்றிட அடுப்பை இரண்டு நாளைக்கு என் பெயரில் எழுதி வைத்துவிட்டேன்.